ஊசியை மறுபடி எடுக்கிறீர்களா? மஞ்சப்பையிலிருந்து தொடங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவு: பள்ளியில் தையல் டீச்சரிடம் எம்ப்ராய்டரி கற்றீர்கள். ஒன்பதாம் வகுப்பில் தைத்த, இரண்டு கிளிகள் போட்ட தலையணை உறை பழுப்பேறி இன்னும் பெட்டியில் இருக்கிறது. இப்போது 57 வயது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. மறுபடி ஊசி எடுக்க ஆசை. ஆனால் கண் பழையபடி இல்லை, வீடியோக்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, தைத்துத் தைத்து அலமாரியில் அடுக்கி என்ன செய்வது என்றும் தோன்றுகிறது. பேத்தியையும் பக்கத்து வீட்டாரையும் இதில் சேர்க்க முடியுமா, அந்தப் பழைய உறையைக் காப்பாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பேத்தியைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. நான் 24 வருடம் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஆறு வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டு முன்அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தைக்கிறோம். எத்தனையோ பேர் ஊசி எடுத்ததையும் விட்டதையும் பார்த்திருக்கிறேன். கை வராமல் விட்டவர்கள் குறைவு. சுவரில் மாட்ட வேண்டும் என்று பெரிய படம் ஒன்றைத் தனியாகத் தொடங்கி, நடுவில் வீட்டில் ஒரு விசேஷம் வந்து, அப்படியே சுருட்டி வைத்தவர்கள்தான் அதிகம். நிலைத்தவர்கள் கைக்குட்டை, துண்டு, பை என்று கையில் புழங்கும் துணியில் தைத்தார்கள். பக்கத்தில் யாராவது இருக்கும்போது தைத்தார்கள். அதனால் பேத்தியைப் பிறகு சேர்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். முதல் நாளே கூட உட்கார வையுங்கள்.

என்ன தைப்பது? நான் எல்லோருக்கும் சொல்வது மஞ்சப்பை. கல்யாண வீட்டில் தேங்காய், பழம், வெற்றிலை போட்டுக் கொடுத்த பை ஒன்றிரண்டு எந்த வீட்டிலும் இருக்கும். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. துணி கொஞ்சம் முரடாக இருப்பதால் ஊசி போகும் இடம் தெளிவாகத் தெரியும், தையல் இழுத்துச் சுருங்காது. மஞ்சளில் சிவப்பு, பச்சை, கருநீலம் எதைப் போட்டாலும் எடுப்பாக இருக்கும். எல்லாவற்றையும்விட, மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகலாம். காய்க்காரர் பையைத் திருப்பிப் பார்த்து "நீங்களே போட்டதாம்மா?" என்று கேட்கும் அந்த நிமிடத்திற்காகவே இன்னொரு பை தைக்கத் தோன்றும். பையின் ஓரத் தையலை ஒரு பக்கம் பிரித்துக்கொண்டால் துணியை ஃப்ரேமில் மாட்டுவது எளிது, வேலை முடிந்ததும் மறுபடி அடித்துவிடலாம். தொடங்குவதற்கு முன் ஒரு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் அந்தப் பையை விட்டுவிடுங்கள்.

புதுத் துணி வாங்குவதென்றால் காடாத் துணியும் கேஸ்மென்ட் துணியும் கைக்கு நல்லது. எதுவானாலும் முதலில் அலசி, கஞ்சி போக்கிக் காயவைத்த பிறகே தையுங்கள். தைத்த பின் துவைத்துத் துணி சுருங்கினால் பூவெல்லாம் குமிழ் குமிழாகக் கிளம்பி நிற்கும், அதை அப்புறம் சரிசெய்ய முடியாது. குறுக்குத் தையல் போட, பள்ளியில் பயன்படுத்திய மேட்டித் துணி நினைவிருக்கும். கட்டம் கட்டமாக நெய்த அந்தத் துணி பேத்திக்கு ரொம்பப் பொருத்தம், எண்ணத் தெரிந்தால் போதும்.

நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பழைய பழக்கம் விட்டுப்போனவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் ஆங்கர் நூல் ஒரு கண்டு 8 மீட்டர். அதில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். ஆறையும் சேர்த்துத் தைக்கத் தேவையே இல்லை. பையில் மூன்று இழை, கைக்குட்டையில் இரண்டு இழை, பூவின் நடுவே மகரந்தம் போல மெல்லியதாக வேண்டுமென்றால் ஒன்று. பிரிக்கும்போது மூன்றாகப் பிடித்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். ஒரு நுனியை இடது கையில் லேசாகப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு இழையை நேராக மேலே உருவுங்கள், மற்றவை கீழே சுருண்டு நிற்கும். அவற்றை நீவிவிட்டு அடுத்த இழையை உருவுங்கள். உருவிய இழைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஊசியில் கோத்துப் பாருங்கள், பிரிக்காமல் தைத்ததைவிடத் தையல் எவ்வளவு நிரவலாக விழுகிறது என்று தெரியும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல்தான் பலர் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள்.

நீளம் ஒரு முழம் போதும். பூ வாங்கும்போது அளப்பார்களே, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, அவ்வளவே. அடிக்கடி கோக்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு முழம் வெட்டினால், துணிக்குள் அத்தனை முறை நுழைந்து வெளிவந்த நூல் கடைசியில் பஞ்சு பறந்து மங்கிவிடும். தைக்கும்போது நூல் முறுக்கேறும். பத்துத் தையலுக்கு ஒருமுறை துணியைத் தூக்கி ஊசியைத் தொங்கவிட்டால் அது தானாகச் சுழன்று முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும்.

எம்ப்ராய்டரி நூலின் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று என் மாணவிகள் கேட்பார்கள். அதுவும் பருத்திதான். 1844-இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்தால் இழை உப்பி வலுவாகிறது, சாயத்தையும் நன்றாக வாங்கிக்கொள்கிறது என்று கண்டார். 1890-இல் ஹோரஸ் லோ என்பவர், அப்படி நனைக்கும்போது நூலை இழுத்துப் பிடித்திருந்தால் பட்டுப்போல மின்னும் என்று கண்டார். மெர்சரைஸ்டு காட்டன் என்ற பெயர் அப்படி வந்தது. கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலைக்கென்று சின்ன உருளையில் விற்கும் 'சில்க் த்ரெட்' இன்னும் மினுங்கும், ஆனால் அது பெரும்பாலும் ரேயான். வழுக்கும், நுனி பிரியும். முதல் ஆறு மாதம் அதன் பக்கம் போகாதீர்கள்.

ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும். எம்ப்ராய்டரி ஊசி என்று கேட்டு 7, 8, 9 எண்களில் வாங்குங்கள். காது நீளமாக இருப்பதால் இரண்டு மூன்று இழை ஒன்றாகப் போகும். ஃப்ரேம் ஐந்து அல்லது ஆறு அங்குல வட்டம் போதும். உள் வளையத்தில் பழைய வேட்டிக் கிழிசலை நாடாவாகச் சுற்றிவிட்டால் துணி நழுவாது, தடமும் விழாது. தைத்து முடித்ததும் ஃப்ரேமைக் கழற்றிவிட வேண்டும். ராத்திரி முழுக்க மாட்டிவைத்தால் வட்டமாக அழுக்குக் கோடு பிடித்துவிடும்.

கண்ணைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் 74 வயது அம்மா ஒருவர் இருக்கிறார், இரண்டு கண்ணிலும் புரை நீக்கியவர். அவர் மூன்று விஷயத்தில் கறாராக இருக்கிறார். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம்தான் தைப்பார். கறுப்புத் துணியைத் தொடவே மாட்டார். வாசிப்பதற்கு வைத்திருக்கும் கண்ணாடியைத் தவிர, தையல் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடி ஒன்றை மருத்துவரிடம் சொல்லித் தனியாக வாங்கி வைத்திருக்கிறார். ஊசி கோக்கப் பத்து ரூபாய்க்கும் குறைவாக விற்கும் கம்பி வைத்த நூல் கோப்பான் போதும். அதோடு, காலையிலேயே நாலைந்து ஊசியில் கோத்துப் பஞ்சுப் பொதியில் குத்தி வைத்துக்கொள்ளலாம். பேத்திக்கு முதல் வேலையாக அதைக் கொடுங்கள். மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் ஃப்ரேமை வைத்தால் கழுத்து குனியாது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தூரத்து மரத்தைப் பாருங்கள்.

தையல் வகைகளில் நான்கை மட்டும் முதலில் கைக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டுத் தையல் (ரன்னிங்), காம்புத் தையல் (ஸ்டெம்), சங்கிலித் தையல் (செயின்), பிறகு முடிச்சுப் புள்ளி, அதாவது ஃப்ரெஞ்ச் நாட். ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் உங்கள் கைக்கு மறந்திருக்காது, துணியைத் தொட்டதும் வந்துவிடும். காம்புத் தையலில் ஒரே சூட்சுமம்: ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் பாதியிலிருந்து கிளம்ப வேண்டும், நூல் எப்போதும் ஊசியின் ஒரே பக்கத்தில் கிடக்க வேண்டும். நடுவில் ஒருமுறை பக்கம் மாறினாலும் கயிறு போல முறுக்கி ஓடும் கோட்டில் ஒரு சிராய்ப்பு தெரியும். முடிச்சுப் புள்ளியில் நூலை ஊசியில் ஒரு சுற்று அல்லது இரண்டு சுற்று சுற்றி, ஏறிவந்த துளையிலேயே இறக்காமல் ஒரு இழை தள்ளி இறக்குங்கள். அதே துளையில் இறக்கினால் முடிச்சு உள்ளே போய்விடும். இறக்கும்போது இடது கை நூலை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டும்.

இந்த நான்கையும் வைத்தே ஒரு முருங்கைக் கொத்து போடலாம், வேப்பிலை போடலாம், வாசலில் போடும் கம்பிக் கோலத்தை அப்படியே துணியில் இறக்கலாம். கோலம் ரொம்ப நல்ல டிசைன் என்பது என் எண்ணம். உங்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்த கோடு அது. இணையத்தில் யாரோ வரைந்த ரோஜாவைவிட அது உங்களுடையது. புள்ளிக்கு முடிச்சு, கம்பிக்குச் சங்கிலி. அச்செடுக்கக் கார்பன் காகிதம் போதும். தண்ணீரில் அழியும் நீலப் பேனாவும் கிடைக்கிறது. அதில் வரைந்தால் முதலில் அலசிக் கோட்டைப் போக்கிவிட்டுத்தான் இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டால் கோடு துணியிலேயே நின்றுவிடும்.

ஆரி கற்றுக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் ஊசி எடுத்தது தெரிந்தால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஆரியும் சங்கிலித் தையல்தான். சாதாரண ஊசியில் ஒவ்வொரு தையலுக்கும் மொத்த நூலையும் மேலே இழுத்துத் திரும்பக் கீழே விடுகிறோம். ஆரியில் நூல் துணிக்கு அடியிலேயே காத்திருக்கும். நுனியில் கொக்கி உள்ள ஊசி மேலிருந்து இறங்கி, ஒரு கண்ணியை மட்டும் மேலே கொண்டுவரும், அதற்குள்ளேயே அடுத்த கண்ணி. அதனால்தான் அத்தனை வேகம். கட்டில் போன்ற சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, இரண்டு கையும் வேலை செய்ய வேண்டும். கல்யாண ரவிக்கை தைத்துச் சம்பாதிக்க விரும்பும் இளம் பெண்களுக்கு நல்ல தொழில். ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியைப் பூட்டாமல் விட்டால் முழு வரிசையும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். என் தங்கை மகள் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு அரைமணி முன்பு ரவிக்கைக் கையின் ஒரு கொடி முழுவதும் அப்படி அவிழ்ந்தது. ஊசியும் ஒரு இழை நூலும் என் கைப்பையில் இருந்தன, பிழைத்தோம். மனதுக்கு இதமாகப் பேசிக்கொண்டே தைக்க வேண்டும் என்றால் மடியில் வைத்துத் தைக்கும் சாதா ஊசிதான்.

துணியின் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் மனம் ஒப்பாது. எங்கள் காலத்தில் தையல் டீச்சர் முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். நானும் டீச்சர் ஆனபின் அப்படித்தான் மதிப்பெண் போட்டேன். இப்போது என் எண்ணம் மாறியிருக்கிறது. துண்டு, கைக்குட்டை, மேசை விரிப்பு என்று இரண்டு பக்கமும் கண்ணில் படும் துணியில் பின்பக்கம் சுத்தமாக இருக்கட்டும். பையிலும் திண்டு உறையிலும் உள்ளே போய்விடும் பக்கத்துக்காக யாரும் ஊசியை வெறுக்க வேண்டாம். கைவேலை மரபுகளிலேயே பின்பக்கத்துக்கு ஒரே சட்டம் இல்லை. கர்நாடகத்தில் தார்வார் பக்கத்துக் கசூத்திப் பூவேலையில் முடிச்சே போடக் கூடாது, அதன் கவந்தித் தையல் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும். பஞ்சாபின் புல்காரிப் பூவேலையில் பெண்கள் துணியின் பின்பக்கத்திலிருந்தே தைக்கிறார்கள், பட்டுப் பூ மறுபக்கத்தில் மலர்கிறது.

நம் நீலகிரியின் தோடர் பெண்கள் செய்வது இதைவிட நுட்பம். முரடான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கிறார்கள். வரைபடம் கிடையாது, அச்சு கிடையாது, ஃப்ரேமும் கிடையாது. நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணி ஊசி போகிறது. நூலை முழுக்க இழுத்து இறுக்காமல் ஆங்காங்கே சின்னக் கண்ணியாக விட்டுவிடுவதால் தொட்டுப் பார்த்தால் புடைத்து, நெய்தது போலவே இருக்கும். கண்ணி நிற்கும் அந்தச் சொரசொரப்பான பக்கம்தான் அவர்களுக்கு நல்ல பக்கம். முதன்முறை உதகையில் அந்தப் போர்வையைக் கையில் வாங்கியபோது நான் தலைகீழாகத்தான் பிடித்தேன், அந்த அம்மா திருப்பிக் கொடுத்தார். ஆண், பெண் இருவரும் போர்த்திக்கொள்ளும் துணி அது. இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அந்தப் பூவேலைத் துணியில்தான். 2013-இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நீலகிரி போனால் அவர்கள் கையிலிருந்தே ஒரு சின்னத் துணியாவது வாங்குங்கள், எண்ணித் தைப்பது என்றால் என்ன என்று அதைப் பார்த்தால் விளங்கும். அச்சில் போட்ட போலியும் கடைகளில் உண்டு. விரலால் தடவினால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இனி கூட உட்காருவது பற்றி. இதற்கு அமைப்பு, சந்தா, தலைவர் எதுவும் வேண்டாம். ஒரு கிழமை, ஒரு நேரம், ஒரு பாய். முதல் வாரம் பக்கத்து வீட்டம்மா வந்து ஊசி எடுக்காமல் பேசிக்கொண்டே இருப்பார். இருக்கட்டும். புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பதும் காஜா எடுப்பதும் கைத்தையல்தானே, அந்த வேலையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காஜா எடுக்கத் தெரிந்தவருக்கு பட்டன்ஹோல் தையலில் பூ போட அரைமணி நேரம் போதும், இரண்டும் ஒரே கைவாகுதான். எங்களிடம் முந்தானைக் குஞ்சம் கட்ட மட்டும் வந்த ஒருவர் இப்போது எல்லோருக்கும் குஞ்சம் சொல்லித்தருகிறார். கண்ணாடி மணி கோத்து, வலைபோலப் பின்னி, புடவை நிறத்திலேயே முடிகிறார். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பதும் ஒரே பாயில் நடக்கும்போது யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

பேத்திக்குச் சொல்லிக் கொடுக்கும்போது எதிரே உட்கார வைக்காதீர்கள். எதிரே இருந்தால் உங்கள் கை அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில், உங்கள் வலது தோளை ஒட்டி உட்கார வையுங்கள். அவள் இடது கைக்காரி என்றால் மட்டும் எதிரே, அப்போது கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே பின்பற்றலாம். முனை மழுங்கிய ஊசி, மேட்டித் துணி, அவளுக்குப் பிடித்த ஒரே ஒரு நிறம். தவறிய தையலை நீங்கள் பிரிக்க வேண்டாம், அவள் கேட்டால் மட்டும் பிரியுங்கள். பேரன் இருந்தால் அவனையும் அழையுங்கள். கோயில் தேருக்கும் மண்டபத்துக்கும் தொம்பையும் (குழாய் போலத் தொங்கும் துணி அலங்காரம்) தோரணமும் குடையும் துணி ஒட்டித் தைக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவினைஞர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆரிச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிலும் ஆண்கள் நிறையப் பேர்.

பக்கத்தில் உட்கார்ந்து கற்றதால்தான் எத்தனையோ தையல் இன்று உயிரோடு இருக்கிறது. தருமபுரி மாவட்டம் சித்தேரி மலைப்பக்கம் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் லம்பாடி மக்கள் இருக்கிறார்கள். கண்ணாடி, சோழி, நெருக்கமான வண்ணத் தையல் நிறைந்த பாவாடையைப் புதுத் தலைமுறை உடுத்துவது நின்றபோது அந்தத் தையலும் நின்றது. அங்கே 1990-களில் மருத்துவச் சேவையைத் தொடங்கிய டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் பழைய துணிகளைப் பார்த்து, தையல் தெரிந்த ஒரு சில மூத்த பெண்களைக் கண்டு பேசினார்கள். அந்த மூத்தவர்கள் இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று 'போர்கை' என்ற பெயரில் அந்தப் பெண்களே நடத்தும் குழு இருக்கிறது. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். நாகர்கோவில் லேஸ் கதையும் இப்படித்தான். 1819-இல் அங்கே வந்த லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட், தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸை அங்கிருந்த பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லைத் திருமணம் செய்துகொண்டு திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போனபோது அதே கைவேலையை அங்கே கொண்டுபோனார். 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய அதே கால்டுவெல்தான். தாயிடமிருந்து மகளுக்கு, அங்கிருந்து அந்தச் செம்மணல் தேரிக்காட்டுப் பெண்களுக்கு என்று அந்த நூல் போயிருக்கிறது.

நாலைந்து பேர் சேர்ந்துவிட்டால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு யோசனை சொல்வேன். ஒன்று, பழஞ்சேலை விரிப்பு. நைந்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைகளை மூன்றடுக்காக வைத்து, ஓட்டுத் தையலால் வரிசை வரிசையாகத் தைப்பது. வங்காளத்துக் காந்தா இப்படிப் பிறந்ததுதான், பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய நூலையே அவர்கள் தையலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் தூளி கட்டிய சேலை அடுத்த குழந்தைக்கு விரிப்பாகட்டுமே. நாலு மூலையிலிருந்தும் நாலு பேர் தைத்துக்கொண்டே நடுவுக்கு வரலாம். முதலில் அடுக்குகள் நகராமல் நீளக் கச்சாத் தையல் போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் உருவிவிடலாம்.

இன்னொன்று கையெழுத்துத் துணி. ஒவ்வொருவரும் பென்சிலால் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, அதன் மேல் பின்தையலோ காம்புத் தையலோ தானே போடுவது. இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறது. 1912 மார்ச்சில் லண்டன் ஹாலோவே சிறையில், ஓட்டுரிமை கேட்டுப் போராடிச் சிறை சென்ற பெண்கள் ஒரு கைக்குட்டையில் தங்கள் பெயர்களைத் தைத்தார்கள். 66 கையெழுத்துகள். இங்கிலாந்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது. எங்கள் துணியில் இதுவரை 31 பெயர்கள் ஆகியிருக்கின்றன. அதில் ஒன்று, கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு அம்மா தன் பெயருக்குப் பதிலாகத் தைத்த தும்பைப் பூ. அவர் போன வருடம் காலமானார். அந்தப் பூவை அவர் மகள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

தைத்ததைக் கொடுங்கள். அலமாரியில் அடுக்குவது பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். கொடுக்கும்போது ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், உங்கள் பெயரின் முதல் எழுத்தையும் வருடத்தையும் தைத்துவிடுங்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1598 என்று வருடம் போட்ட, தையல்களைப் போட்டுப் பார்க்கும் ஒரு மாதிரித் துணி இருக்கிறது, தேதியோடு கிடைத்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் அதுதான் மிகப் பழையது. ஜேன் பாஸ்டாக் என்ற பெண் தைத்தது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகலில் பிறந்தது என்று அதில் தைத்திருக்கிறார். நானூறு வருடம் கழித்தும் அந்தப் பிற்பகல் நமக்குத் தெரிகிறது. உங்கள் பேத்தி பிறந்த நாளையும் நேரத்தையும் நீங்கள் தைத்து வைக்கலாம். துவைக்கும் முறையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பத்திரமாக வைக்கிறேன் என்று பெட்டியில் வைத்துவிடுவார்கள்.

விற்கலாமா என்றும் ஒரு நாள் தோன்றும். ஒரு வருடம் போகட்டும். ஆறு மணி நேரம் தைத்த கைக்குட்டைக்கு ஒருவர் ஐம்பது ரூபாய் சொன்னால் மனம் நோகும், அந்த நோவு ஊசி எடுக்கும் ஆசையையே கெடுத்துவிடும். பிழைப்புக்குத் தைப்பவர்கள் கேட்கும் விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். எத்தனை மணி நேர வேலை அது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

கடைசியாக அந்தக் கிளி உறை. இஸ்திரி பக்கம் கொண்டுபோகாதீர்கள், கறை இருக்கும்போது சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பஞ்சை ஈரமாக்கி ஒவ்வொரு நிற நூலிலும் ஒற்றிப் பாருங்கள், முக்கியமாகச் சிவப்பில். பஞ்சில் நிறம் ஏறினால் முழுவதுமாக நனைக்க வேண்டாம், தையல் இல்லாத இடத்தை மட்டும் ஈரத் துணியால் துடைத்து, உடனே விசிறிக் காற்றில் காயவையுங்கள். நிறம் ஏறவில்லை என்றால் ஒரு அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, மென்மையான சோப்புத் திரவம் சில துளி கலந்து, உறையை விரித்தபடி ஊறவையுங்கள். தண்ணீர் பழுப்பானதும் மாற்றுங்கள், கசக்க வேண்டாம். இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். பிளீச்சிங் திரவம் கூடவே கூடாது, துருக்கறை இருந்தால் அது இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் படுக்கைவாட்டில் உலர்த்துங்கள். அப்புறம் துவாலை மேல் பூவேலை கீழ்ப்பார்க்க வைத்துப் பின்பக்கமாக இஸ்திரி போடுங்கள்.

கிளியின் சிறகில் நூல் அறுந்த இடம் இருக்கும். பழைய பச்சையைத் தேடி அலைய வேண்டாம், கிடைக்காது, கிடைத்தாலும் இத்தனை வருடம் வெளுத்ததோடு சேராது. இப்போது கையில் இருக்கும் பச்சையிலேயே போடுங்கள். ஒரு கிளியை நீங்கள் தையுங்கள், இன்னொரு கிளியைப் பேத்தியிடம் கொடுங்கள்.